எங்கெங்கே குலுங்கும்

விமானம் சென்னையை விட்டு மேலேறியதும் விண்ணரசி கைப்பையைத் துழாவினாள். மூக்குக்கண்ணாடி இல்லை. பெரிய பெட்டியோடு போய்விட்டது.

"நீங்கதான் படிக்கணும்." மடித்த காகிதத்தைக் கணவரிடம் நீட்டினாள்.

சிங்கராயர் அதை வாங்கவில்லை. எழுதியது ஜெக்கரியா. மகள் புருஷன். போனில் வந்த கடிதத்தை விண்ணரசி குத்தாலம் கடைத்தெருவில் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தாள்.

ஏழு வருஷத்துக்கு முன், நெற்கதிர் பால் பிடித்திருந்த நேரத்தில், எரிவாயுக் குழாய் பதிக்க சிங்கராயரின் வயலில் மெஷினை இறக்கினார்கள். குறுக்கே படுத்தவரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பன்னிரண்டு நாள் ஜெயிலில் வைத்தார்கள். அந்தக் குழாய்க்கு அளவெடுத்துக் கல் நட்ட சர்வேயர்தான் ஜெக்கரியா. அவர் ஜெயிலுக்குப் போன பிறகு அவன் அந்த வேலையை விட்டுவிட்டான். மகள் அருள்செல்வி அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றாள். கல்யாணத்துக்குச் சிங்கராயர் போகவில்லை. இரண்டு பேரும் மெல்போர்ன் போய்விட்டார்கள். ஆட்சி மாறிக் கேஸை வாபஸ் வாங்கிய பிறகுதான் இவருக்குப் பாஸ்போர்ட் கிடைத்தது. இப்போதுகூட, மகளுக்குப் பிரசவ நேரம் என்பதால்தான் கிளம்பினார். வீட்டில் அவர் வாயில் அவன் இன்னும் "அந்த சர்வேயர்"தான்.

"படிங்க. எனக்குப் பயமா இருக்கு."

வாங்கிப் படித்தார். "அத்தை, கிளம்பி ஒரு மணி நேரத்துல, கடலுக்கு மேல லேசா குலுங்கும். மேகத்துக்குள்ள போறதாலதான். பெல்ட்டைக் கழட்டாதீங்க. பத்து நிமிஷத்துல சரியாயிடும்."

குலுங்கியது. சரியானது. விண்ணரசி ஜெபமாலையை மடியில் வைத்துவிட்டுக் காபி வாங்கிக் குடித்தாள்.

சிங்கப்பூரில் விமானம் மாறினார்கள். ஏறி உட்கார்ந்ததும் அவள் கேட்காமலே காகிதத்தைப் பிரித்தார். "பூமத்திய ரேகையைத் தாண்டும்போது பெரிய மழை மேகம் இருக்கும். பைலட் சுத்திக்கிட்டுப் போவார். பக்கவாட்டுல சாயுற மாதிரி இருக்கும், சாயாது."

அதுவும் அப்படியே நடந்தது.

"பரவாயில்லையே!" என்றாள் விண்ணரசி. அடுத்த வரிக்குப் போன சிங்கராயர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

நாலு மணி நேரம் போயிருக்கும். கீழே செம்மண் பாலைவனம். ஒரு மேகம் இல்லை. திடீரென்று விமானம் தூக்கிப் போட்டது. பின்னால் யாரோ கத்தினார்கள், தட்டுகள் சரிந்தன. ஜெயில் வேனில் தலை நிமிர்ந்து ஏறிய மனிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். நெற்றியெல்லாம் வியர்வை.

"என்னங்க?"

"என் கையைப் புடிச்சுக்க," என்றார். "உனக்கு அப்படித்தான் எழுதியிருக்கான். ஆஸ்திரேலியா நடுவுல வானம் தெளிவா இருந்தாலும் ஆடும், மாமா பயந்தாலும் வெளில காட்டிக்க மாட்டாங்க, நீங்க கையைப் புடிச்சுக்குங்கன்னு."

"யாரு எழுதியிருக்கா?"

"மாப்பிள்ளை."

விண்ணரசி இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். ஆட்டம் நின்ற பிறகும் விடவில்லை.

மெல்போர்னில் அருள்செல்வி வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஜெக்கரியா பத்தடி தள்ளி, கார் சாவியைக் கையில் உருட்டியபடி நின்றான். காதோரம் நரைத்திருந்தது.

சிங்கராயர் அவனிடம் போனார்.

"சாப்பிட்டீங்களா, மாப்பிள்ளை?"

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

"வாங்க, முதல்ல எதாவது சாப்பிடலாம்," என்று அவன் தோளில் கைபோட்டு நடந்தார், எந்தப் பக்கம் போக வேண்டும் என்றுகூடத் தெரியாமல்.