மருந்து படாத பதினோரு செடிகள்

கொழுந்துகளெல்லாம் நீலமாக இருந்தன. சரிதா ஒன்றைக் கிள்ளி விரலால் தேய்த்துப் பார்த்தாள். பூஞ்சையைக் கொல்லும் காப்பர் மருந்து. பதினோரு செடிகளையும் யாரோ குளிப்பாட்டிவிட்டிருந்தார்கள்.

கீழ் கோத்தகிரிச் சரிவில், எஸ்டேட்டின் கடைசி மூலையில் நின்ற அந்தச் செடிகளுக்கு எட்டு வருஷமாக மருந்தே காட்டியதில்லை. மழைக்காலத்தில் மலையெங்கும் தேயிலை கொப்புள நோயில் வெளுத்துக் கிடக்க, இவை மட்டும் பச்சையாக நிற்பதை முதலில் பார்த்தவன் அவள் கணவன் பாலகுமார், எஸ்டேட் சூப்பர்வைசர். ஏன் என்று கண்டுபிடித்தவள், தாவர நோய் ஆராய்ச்சி செய்யும் அவள். அந்த நோயைத் தரும் பூஞ்சை உயிருள்ள இலையில்தான் பிழைக்கும். இந்தச் செடிகளோ, அது நுழைந்த இடத்தைச் சுற்றியுள்ள தம் செல்களைத் தாமே கொன்றுவிடும். பூஞ்சை பட்டினியில் சாகும். இலையில் குண்டூசி முனையளவு கரும்புள்ளி மிஞ்சும். எந்த ஜீன் அந்த உத்தரவைப் போடுகிறது என்று தெரிய, நோய் வந்து இறங்கிய இரண்டு நாளுக்குள் இலையைக் கிள்ளி உறையவைக்க வேண்டும். இந்த மழையில் அது நடக்கவேண்டும்.

பாலகுமார் இறந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

"நாங்கதானுங்க அடிச்சோம், டாக்டரம்மா," என்றாள் பின்னால் வந்து நின்ற வீரம்மா. அங்கே இருபது வருஷமாகக் கொழுந்து பறிப்பவள். "சாரோட கருமாதி அன்னிக்கு. மூடின ஃபாக்டரி ஸ்டோர்ல ரெண்டு டப்பா கெடந்துச்சு. அவரு செடிக்கு நாங்க வேறென்னத்தப் பண்றது?"

"நல்லாத்தான் அடிச்சிருக்கீங்க. ஒரு எல விடல."

"மனசார அடிச்சமுங்க."

"இதுக்கு நோவு வரணும் வீரம்மாக்கா. அதுக்குத்தான் மருந்தடிக்காம வெச்சிருந்தோம்."

வீரம்மா செடியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "அட கடவுளே. சாரு மருந்த மிச்சம் புடிக்கறாருன்னுல்ல நெனச்சோம். எட்டு வருசமா அவரக் கஞ்சன்னு பேசிக்கிட்டிருந்தோமுங்க."

சரிதா சிரித்துவிட்டாள். அவன் போன பிறகு முதல் சிரிப்பு அது.

அன்று மத்தியானமே மேனேஜர் வசந்தகுமார் வந்தார். தேயிலைக்கு விலை விழுந்த பிறகு முதலாளி சரிவை ஒரு ரிசார்ட்காரருக்கு விற்றுவிட்டாராம். "திங்கக்கிழமை புடுங்கறோம் மேடம். வேணும்னா கம்பு வெட்டி வேற எடத்துல நட்டுக்கங்க."

"கம்பு செடியாக மூணு வருஷம் ஆகும். எனக்கு ரெண்டு வாரம் போதும்."

"நான் குடுக்க முடியாதுங்களே."

"நான் கேக்கல சார். எடுத்துக்கறேன்னு சொல்றேன்."

அவர் போனதும் வீரம்மாவோடு கொழுந்து பறிக்கும் பெண்களை அழைத்து, நீலம் பட்ட கொழுந்தையெல்லாம் கிள்ளச் சொன்னாள். மருந்து, தான் பட்ட இலையோடு நின்றுவிடும், புதுத் துளிருக்கு ஏறாது. அரை மணி நேரத்தில் பதினோரு செடிகளும் மொட்டையாயின.

திங்கட்கிழமை வசந்தகுமார் தனியாக வந்து மழையில் குடை பிடித்து நின்றார். "ஆளுங்க எங்க?"

"எங்கூட்டு ஆளுங்கதானுங்களே வரணும்," என்றாள் வீரம்மா. "காச்சலுங்க."

"ஆறு பேருக்குமா?"

"ஒட்டுவாரொட்டிங்க சார். நீங்களும் தள்ளி நில்லுங்க."

அவர் சரிதாவைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. "மெஷினுக்குக் காச்சல் வராது," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கிள்ளிய ஒன்பதாம் நாள் செடிகளில் நகக்கண் அளவு துளிர் விட்டிருந்தது. விலை இல்லாததால் பக்கத்துத் தோட்டங்களில் எவரும் மருந்தடிக்கவில்லை. நோய்க்குப் பஞ்சமே இல்லை. பெண்கள் கொப்புளம் வெடித்த கிளைகளை அள்ளிக்கொண்டு வந்தார்கள். சரிதா குச்சிகளை நட்டு, அவற்றின் குறுக்கே கிளைகளைத் துளிர்களுக்கு மேலாகத் தொங்கக் கட்டினாள். செடிக்கொன்றாகப் பாலகுமார் எண் பொறித்துக் கட்டியிருந்த தகடுகள் காற்றில் லேசாகத் தட்டிக்கொண்டிருந்தன.

கீழே, மூன்றாவது வளைவில், மெஷின் திணறி ஏறும் சத்தம் கேட்டது.

"ரெண்டு நாளுதானுங்களே?" என்றாள் வீரம்மா.

"ரெண்டே நாள்."

வீரம்மா கூடையைக் கவிழ்த்துப் பாதையின் நடுவில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். மற்றவர்களும் தத்தம் கூடையைக் கவிழ்த்தார்கள். சரிதா திரும்பவில்லை. கடைசிக் கிளையை முடிந்துவிட்டு லேசாக உதறினாள். மூடுபனிக்குள் கண்ணுக்குத் தெரியாத மாவு போல நோய் இறங்கியது, ஈரம் மினுங்கிய துளிர்களின்மேல்.