துணிக்கடைக்காரர் பார்த்தது

"பீரோவுல உன் தட்டையெல்லாம் காலி பண்ணு. வர்றவ துணிமணிய எங்க வெப்பா, என் தலையிலயா?"

மாமியார் கேட்டது மருமகளிடம். வரப்போகிறவள் மகனுக்கு இரண்டாம் மனைவி. கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் குழந்தை இல்லை. ஆகவே மருமகள் மலடி. ஆகவே விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் ஒதுங்க வேண்டும். மகனையும் சோதித்துப் பார்க்கலாமே என்று மட்டும் அந்த வீட்டில் ஒருவர் வாயிலும் வரவில்லை.

மாமனார் துணிக்கடை முதலாளி. எந்தத் துணி வந்தாலும் லென்ஸை வைத்து நூலை எண்ணாமல் விடமாட்டார். பெற்ற பிள்ளையை மட்டும் பிரித்தே பார்க்காமல் முதல் தரம் என்று முத்திரை குத்தியிருந்தார்.

மருமகள் முன்பு பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தியவள். புடவையை மடித்தபடியே கேட்டாள்.

"மாமா, உயிருள்ள செல்ல முதல்ல பாத்தது யாரு தெரியுமா?"

"என் செல்லையா? சார்ஜுல போட்டிருந்தேனே!"

"உடம்புல இருக்கற செல்லு மாமா. முதல்ல ஒருத்தர் பாட்டில் மூடற கார்க்க மெல்லிசாச் சீவிப் பாத்தார். அறை அறையாத் தெரிஞ்சுது, அறைங்கற அர்த்தத்துல செல்லுன்னே பேர் வெச்சுட்டார். ஆனா அதெல்லாம் உசிரு போன வெறுங்கூடு. உசிரோட நெளியறதப் பாத்தவர் உங்கள மாதிரி துணிக்கடைக்காரர். நூலப் பாக்கற லென்ஸுல ஆரம்பிச்சவர்."

மாமனாருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "பாத்தியாடி, நம்ம ஆளு!"

"ஏரித் தண்ணியப் பாத்தார், பல்லு அழுக்கப் பாத்தார். அப்புறம் தன் விந்தையே வெச்சுப் பாத்தார். வெக்கப்படல."

மாமியார் காதைப் பொத்திக்கொண்டாள். மகன் செய்தித்தாளுக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கினான்.

"இவரையும் லேப்புக்கு அனுப்புங்க. உசிரோட நெளிஞ்சுதுன்னா அன்னிக்கே கையெழுத்துப் போடறேன். நெளியலன்னா இந்தப் பேச்சையே விட்டுடணும்."

தன் சரக்கின் மேல் மாமனாருக்கு அவ்வளவு நம்பிக்கை. "சரி" என்றார்.

லேப் டாக்டர் இரண்டாம் முறையும் சோதித்துவிட்டு, அப்பாவையும் பிள்ளையையும் கூப்பிட்டு மைக்ரோஸ்கோப்பைக் காட்டினார். நெளிவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

"கண்ணாடிக்குக் கீழ வெச்சா எந்த உசிருதான் தாங்கும்?" என்றாள் மாமியார். "கூச்சத்துலயே செத்திருக்கும்!"

மருமகள் மாமனாரைப் பார்த்தாள். "நம்ம பேச்சு என்னாச்சு மாமா?"

"பேச்சு பேச்சுதாம்மா. ஆனா உனக்கு இப்ப விஷயம் தெரிஞ்சுபோச்சே. என்னிக்காவது வாயத் தொறப்ப. வர்றவளுக்கு ஒண்ணும் தெரியாது. பழியத் தானே தலையில தூக்கி வெச்சுக்குவா."

அடுத்த தெரு இரும்புக்கடைக்காரர் தன் பெண்ணுக்கு நாள் குறிக்க வந்தார். உள்ளேயே இருக்கச் சொல்லியிருந்த மருமகள் கூடத்துக்கு வந்து நின்றாள்.

"ஐயா, குறை என்கிட்ட இல்ல. இவருகிட்ட. சோதிச்சுப் பாத்தாச்சு."

கணவன் தரையில் ஓட்டை தேடினான். இரும்புக்கடைக்காரர் மட்டும் அலுங்கவில்லை.

"தெரியும்மா. அந்த லேப்புக்குப் பூட்டு தாழ்ப்பாள் எல்லாம் நம்ம கடைச் சரக்குதான். பேச்சு காதுல விழும்." மாமனார் பக்கம் திரும்பினார். "அதனாலதான் கேக்கறேன், வரதட்சிணைய அப்படியே கொடுன்னா எப்படிங்க? பாதியா முடிச்சுக்கலாம்."

மாமனாருக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. "பாதி ரொம்ப அநியாயம்! பையன் வேற எதுல குறைச்சல்? கடை இருக்கு, மாடி வீடு இருக்கு..."

"பொண்ணுக்குத் தெரியுமா?" என்று மருமகள் கேட்டாள்.

"அவகிட்ட எதுக்கும்மா அதெல்லாம்?" என்றார் இரும்புக்கடைக்காரர், திரும்பாமலே.

அவள் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"இரும்புக்கடை ஐயா வீட்டுக்குத்தான் அத்தை. பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வர்றேன்."

"ஐயோ, போறாளே, தடுங்களேன்!" என்று மாமியார் கணவரின் தோளை உலுக்கினாள். அவர் கையைத் தட்டிவிட்டார். பேரம் முக்காலில் வந்து நின்றிருந்தது. முதலில் எழுந்தவன் இறங்கிப் போக வேண்டியிருக்கும் என்பது இரண்டு வியாபாரிகளுக்கும் தெரியும். இருவரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.