சட்டையில் தெளித்தது

துலக்சன் ஆட்டோவைக் கல்முனை வீதியிலேயே விட்டுவிட்டுக் கிளினிக்குக்குள் ஓடினான். கர்ப்பிணி மனைவி உசாந்தினியின் கையில், பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கத் தாதி ஊசியை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"எச்.ஐ.வி.யும் பாருங்க மிஸ்," என்றான் மூச்சு வாங்க. "எனக்கு இருக்காம். இப்பதான் ஆஸ்பத்திரியில சொன்னாங்க."

உசாந்தினி அவன் பக்கம் திரும்பினாள். "எங்க போய் வாங்கினீங்க?"

"வெறியில புள்ள. போன வெசாக் பண்டிகை அண்டைக்கு. குடிச்சா நான் நானில்லத்தானே."

"வெசாக்குக்கு ரெண்டு நாளும் பார் பூட்டு. போத்தல் காலியெண்டு கை நடுங்கித் திரிஞ்சீங்க. ஆனா திரும்பி வரக்குள்ள சாராயம் மணத்துச்சே?"

குழாயில் இரத்தம் ஏறியது. துலக்சன் தலை குனிந்தான்.

"குடிக்கல்ல. வெறியெண்டா நீ ஒவ்வொருக்காவும் மன்னிச்சிருக்காய். அதுதான், போக முன்னமே காலிப் போத்தலைக் கழுவின தண்ணியைச் சட்டையில தெளிச்சிட்டுப் போனன்."