கால் கிலோ சுண்ணாம்பு

கோவளத்துக் கட்டுமரக்காரன் தாண்டவராயனுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் கை தானாகப் போய்க் காதைச் சொறியும். அப்படிப்பட்ட மனுஷன் பெண்டாட்டிக்காக ஒரே ஒரு பொய் சொல்லிவிட்டு மூன்று நாள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

பிரபாவதி செங்கல்பட்டில் பி.யூ.சி. படித்தவள். வேதியியலில் மட்டும் ஆறு மார்க்கில் கோட்டை விட்டாள். கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியும் அது அவளை அரித்துக்கொண்டே இருந்தது. வருகிற திங்கட்கிழமை மறுபடியும் பரீட்சை. போன தடவை காலை வாரியது என்தால்பி கணக்கு. ஒரு வினை நடக்கும்போது எவ்வளவு வெப்பம் வெளியே வருகிறது, எவ்வளவு உள்ளே போகிறது என்று போடுகிற கணக்கு. இந்த முறை அதை மனப்பாடம் செய்ய மாட்டேன், செய்து பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"சுட்ட சுண்ணாம்புல தண்ணி வுட்டா கொதிக்குதில்ல மாமா? ஐம்பத்தாறு கிராமுக்குப் பதினஞ்சரை கிலோகலோரி வெளிய வரும். வெளிய வர்றதால மைனஸ் போடணும். உன் கஞ்சி ஒரு லிட்டரு. இருபத்தஞ்சு டிகிரியிலேந்து ஐம்பத்தஞ்சுக்கு ஏத்த முப்பது கிலோகலோரி வேணும். அதுக்கு நூத்தியெட்டு கிராம் சுண்ணாம்பு. பானையும் காத்தும் பாதியத் தின்னுடும். அதனால கால் கிலோ."

தாண்டவராயனுக்குப் புரிந்தது கஞ்சி மட்டும்தான். ஆனாலும் கடல்மேல் தான் சில்லென்று குடிக்கிற கஞ்சிக்காக இவள் இப்படி மண்டையை உடைத்துக்கொள்கிறாளே என்று மனசு நிறைந்துபோனது. பொங்கலுக்கு வெள்ளையடித்து மிஞ்சிக் கூடையில் கிடந்த சுண்ணாம்பைக் கால் கிலோ நிறுத்துப் பானையில் கொட்டினான். நடுவில் கஞ்சித் தூக்கை இறக்கி, சாக்கைச் சுற்றி எடுத்துப்போனான்.

கடலில் வைத்துப் பானையில் தண்ணீர் ஊற்றினான். ஒன்றுமே நடக்கவில்லை. கூட வந்த அண்ணன் அப்பாசாமி சிரித்த சிரிப்பில் மரமே ஆடியது.

"இன்னாடா, கஞ்சிக்கு வெள்ளையடிச்சிகினு கீறியா?"

கரையில் பிரபாவதி காத்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் உண்மையைச் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. இரண்டு கையிலும் ஈர வலை, காதைச் சொறிய வழியில்லை.

"நல்லா சூடா இருந்துச்சு. நாக்கே வெந்துபூட்ச்சு."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தான் பாவம். அவளோ நோட்டைப் பிரித்து உட்கார்ந்துவிட்டாள். நாக்கு வேக வேண்டுமானால் எழுபது டிகிரிக்காவது ஏற வேண்டும். கணக்கில் வருவதோ ஐம்பத்தைந்து. புருஷன் பொய் சொல்லுவானா? ஆக, கணக்குத்தான் தப்பு. சரியாகப் போட்டிருந்ததையெல்லாம் அடித்தாள், திருப்பிப் போட்டாள், மறுபடி அடித்தாள். சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஹால் டிக்கெட்டை டிரங்குப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள்.

"எனக்கு இது ஏறாது மாமா. திங்கக்கிழம நான் போவல."

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"நாக்கு வேவல பிரபா. கஞ்சி சில்லுனுதான் இருந்துச்சு. நீ வருத்தப்படுவியேன்னு புளுகிட்டேன்."

அவள் முறைத்த முறைப்பில் அவன் தலை குனிந்தான். பிறகு நோட்டைக் கையில் எடுத்து, "சுண்ணாம்பு எப்பிடி இருந்துச்சு? கட்டியா, மாவா?" என்று கேட்டாள்.

"மாவாட்டம். நைஸா இருந்துச்சு."

பிரபாவதி தலையில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டாள். "அது பொங்கல்லேந்து கடக்காத்து ஈரத்தக் குடிச்சிக் குடிச்சி, சூட்டையெல்லாம் அப்பவே வுட்டுடிச்சி மாமா. ஒருதரம் வெளிய போன சூட்ட மறுபடி எங்கேந்து தரும்?"

மறுநாள் விடியுமுன் அவனே சுண்ணாம்புக் காளவாய்க்குப் போய்ப் புதிதாகச் சுட்ட சுண்ணாம்பு, கட்டி கட்டியாக, வாங்கிக்கொண்டு கடலுக்குப் போனான். திரும்பி வந்தபோது அவள் அதே இடத்தில் நின்றிருந்தாள்.

"வலையக் கீழ வச்சிட்டுச் சொல்லு."

வைத்தான். "ஆவி வந்துச்சு. வாய்க்கு இதமா இருந்துச்சு. ஆனா நீ சொன்ன அளவுக்கு இல்ல பிரபா, கொஞ்சம் கம்மிதான்."

அவள் அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டும் தொங்கியபடியே இருந்தன.

"அப்ப காத்து பாதிக்கு மேலயே தின்னுட்டுகீது" என்றவள், முந்தானை முடிச்சில் இருந்த டிரங்குப் பெட்டிச் சாவியை அவிழ்த்துக்கொண்டே வீட்டுப் பக்கம் நடந்தாள்.