மேசைக்கு அடியில் ஒரு சர்வர்

வீட்டில் எல்லோரும் அவனை எஞ்சின்காரன் என்றுதான் சொல்வார்கள். மாமனார் தன் சொந்தக்காரர்களிடம் "மாப்பிள்ளை சொந்தமா எஞ்சின் பண்றார்" என்று பெருமையடித்துக்கொள்ளப் போக, பாதிப் பேர் அவன் ரயிலில் வேலை பார்க்கிறான் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். ரயில் ஏன் நேரத்துக்கு வருவதில்லை என்று ஒரு பெரியவர் அவனிடம் சண்டைக்கே வந்துவிட்டார்.

அவன் செய்தது வேறு எஞ்சின். கம்ப்யூட்டர் விளையாட்டில் கதவு திறப்பதும், கல் உருள்வதும், குதித்தவன் கீழே வந்து சேர்வதும் தானாக நடப்பதில்லை. அடியில் ஒரு மென்பொருள் உட்கார்ந்துகொண்டு இந்த வேலைகளையெல்லாம் இழுத்துப்போட்டுச் செய்கிறது. அதற்குத்தான் எஞ்சின் என்று பெயர். ஆயத்தமாகவே கிடைக்கிறது. விளையாட்டு சம்பாதிக்கத் தொடங்கும்வரை சில கம்பெனிகள் காசுகூடக் கேட்பதில்லை. உலகத்தில் பாதிப் பேர் அதை எடுத்துக்கொண்டு பிழைப்பைப் பார்க்கிறார்கள். இவன் மட்டும் சொந்தமாகத்தான் எழுதுவேன் என்று மூன்று வருஷமாக ஒற்றைக் காலில் நின்றான்.

"ரெடிமேட்ல ஆரம்பிச்சிடலாம் மாமா. நெட்வொர்க் வேலையெல்லாம் அதுல ஏற்கெனவே இருக்கு" என்று மச்சினன் முதல் மாதமே சொன்னான். மச்சினன் என்றால் மனைவியின் தம்பி, அவர்கள் வீட்டிலேயே இருப்பவன். படம் வரைபவன். அந்த விளையாட்டில் கண்ணுக்குத் தெரிகிற எல்லாம் அவன் கைவண்ணம். விளையாட்டை வெளியே கொண்டுபோகிற வெளியீட்டுப் பொறுப்பும் அவனுடையதுதான். சொல்வதை ஒருமுறைதான் சொல்வான், அதையும் மெதுவாகத்தான் சொல்வான்.

"அடுத்தவன் எஞ்சின்ல ஓட்டுறதுக்கு நான் எதுக்கு மச்சான்?" என்றான் எஞ்சின்காரன். பேச்சு அதோடு முடிந்தது.

விளையாட்டு என்னவோ அருமையான யோசனைதான். எட்டுப் பேர் அவரவர் ஊரில் இருந்தபடி, ஒரு முழு வீட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு மலை ஏற வேண்டும். ஒருவன் தடுமாறினால் வீடு சாயும், உள்ளே பாத்திரம் உருளும், மற்ற ஏழு பேரும் அவனைத் திட்டுவார்கள். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். ஆனால் ஓர் அறைக்குள் விளையாடினால்தான் அந்தச் சிரிப்பு. வெவ்வேறு வீடுகளில் இருந்து மூன்று பேருக்கு மேல் சேர்ந்தால், வீடு ஒருவன் திரையில் இடப்பக்கம் சாயும், இன்னொருவன் திரையில் வலப்பக்கம் சாயும், நான்காம் நிமிடம் இரண்டாகக் கிழியும். தகவல் போய் வருகிற அந்தக் கண்ணிமைப்பொழுதுத் தாமதத்தைத் தாங்க எஞ்சினுக்குத் தெம்பில்லை. இதைச் சரிசெய்கிறேன் சரிசெய்கிறேன் என்றே ஒரு வருஷம் போயிற்று. குடும்பம் மனைவியின் சம்பளத்தில் ஓடியது.

அப்போதுதான் ஒரு நிதி அமைப்பு அவர்களை நேரில் அழைத்தது. சிறிய குழுக்களின் விளையாட்டுகளுக்கு உதவுகிறவர்கள். கிடைத்தால் இரண்டு வருஷத்துக்குக் கவலையில்லை.

அந்தக் காலையில் மச்சினனுக்கு முன்பாகவே எஞ்சின்காரன் அங்கே போய்விட்டான். அறையில் எட்டுக் கம்ப்யூட்டர்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் விளையாட்டை ஏற்றினான். பிறகு பையோடு ஒரு சின்னப் பெட்டியை மேசைக்கு அடியில் தள்ளி, அறையின் நெட்வொர்க்கில் கம்பியைச் செருகினான். விளையாடுகிறவர்களை ஒன்றுசேர்க்கும் சர்வர், கடல் தாண்டி ஒரு வாடகை இடத்தில் இருப்பதாக விண்ணப்பத்தில் எழுதியிருந்தார்கள். அது அங்கே இருந்ததும் உண்மைதான். ஆனால் இன்றைக்கு எட்டுக் கம்ப்யூட்டரும் பேசப்போவது மேசைக்கு அடியில் இன்னொரு சர்வராக ஓடிக்கொண்டிருந்த பெட்டியோடு.

ஒரே அறைக்குள் தாமதம் இருக்காது. திரை மூலையில் தாமதத்தை மில்லிசெகண்டில் காட்டும் எண் ஒன்று, இரண்டு என்று வந்தால் விஷயம் தெரிந்தவர்கள் பிடித்துவிடுவார்கள். அதனால் எப்போதும் முப்பத்தெட்டு என்று காட்டும்படி ஒரு வரி எழுதியிருந்தான். நிஜத் தாமதம் ஒரு நொடி நிலையாக நிற்காது, ஏறும் இறங்கும். அவசரத்தில் அவனுக்கு அது உறைக்கவில்லை. திருடத் தெரிந்த அளவுக்குத் தடயத்தை மறைக்கத் தெரியவில்லை, பாவம்.

மச்சினனிடம் இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அவன் வரவே மாட்டான்.

ஆரம்பம் அமர்க்களமாகப் போனது. நிதி அமைப்பின் தேர்வுக் குழுத் தலைவியான அம்மாள் முதல் தேநீர் கொண்டுவந்தவர்வரை எட்டுப் பேரும் வீட்டைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினார்கள். தலைவியம்மாள் தடுமாறி வீட்டைச் சரித்துவிட, அறையே கூச்சல் போட்டது. அவர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டுக் கேட்டார்: "என் பொண்ணு வீட்ல லீவுல இருக்கா. அவளும் சேரலாமா?"

வேண்டாம் என்று சொல்ல எஞ்சின்காரன் ஒரு காரணம் தேடுவதற்குள் மச்சினன் முகம் மலர்ந்து, "தாராளமா மேடம்" என்று லிங்க்கை அனுப்பிவிட்டான். அவளுக்கு இடம்விட்டுத் தேநீர்க்காரர் எழுந்துகொண்டார்.

ஐந்து நிமிடத்தில் தலைவியம்மாளின் போனில் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. "அம்மா, உள்ளே வந்துட்டேன். இங்க யாருமே இல்லையே. வீடு மட்டும் நிக்குது. தூக்கிப் பார்த்தேன், அசையக்கூட மாட்டேங்குது."

அவள் போய் நின்றது கடல் தாண்டி இருந்த நிஜ சர்வரில். இவர்கள் இருந்தது மேசைக்கு அடியில்.

"ஏன் அவ நம்மகூட இல்ல?" என்று தலைவியம்மாள் இருவரையும் பார்த்தார்.

மச்சினன் திரையைப் பார்த்தான். மூலையில் முப்பத்தெட்டு அசையாமல் நின்றது. பக்கத்துத் திரையிலும் முப்பத்தெட்டு. அதற்கடுத்த திரையிலும் அதே. பிறகு அவன் பார்வை மெல்ல மேசைக்கு அடியில் போனது. பையின் வாயிலிருந்து ஒரு கம்பி வெளியே வந்திருந்தது. எஞ்சின்காரன் முகத்தில் ஈயாடவில்லை.

"என் தப்பு மேடம்" என்றான் மச்சினன். "பழைய லிங்க்கை அனுப்பிட்டேன். மாத்தச் சொல்லி மாமா முந்தாநாளே சொன்னார். நான்தான் விட்டுட்டேன்."

அந்த இடத்தில் எஞ்சின்காரன் சும்மா இருந்திருந்தால்கூடப் பாதிப் பாவத்தோடு போயிருக்கும். அவன் வாய் தானாகத் திறந்தது.

"எத்தனை தடவை சொன்னேன் மச்சான், கவனமா இருன்னு?"

மச்சினன் தலையை ஆட்டிக்கொண்டான். நேரமாகிவிட்டதால் புது லிங்க்கை யாரும் கேட்கவில்லை. மற்றவர்கள் இதெல்லாம் சகஜம் என்பதுபோல் பேச்சை மாற்றினார்கள்.

திரும்பும் பஸ்ஸில் மச்சினன் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. மலைக்கு இன்னும் கொஞ்சம் பச்சை போடலாம் என்றான். தேநீர்க்காரர் நன்றாக விளையாடினார் என்றான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எஞ்சின்காரனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த வாரம் முழுக்க அவன் மச்சினனின் கண்ணைத் தவிர்த்தான். குளித்துக்கொண்டிருக்கும்போது தன் குரலே காதில் கேட்கும், எத்தனை தடவை சொன்னேன் என்று. உடம்பு கூசும். பிறகு தனக்குத் தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொள்வான். மச்சானுக்கு என் எஞ்சின்மேல் நம்பிக்கை இருக்கிறது, அதைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னான், தொழில் தெரிந்தவன் அருமை இன்னொரு தொழில் தெரிந்தவனுக்குத்தானே தெரியும் என்று. இதைப் பிடித்துக்கொண்டுதான் நாளை ஓட்டினான்.

அடுத்த சனிக்கிழமை காலை எஞ்சின்காரனின் போனுக்குக் கடிதம் வந்தது. நிதி உண்டு. நிபந்தனை இரண்டு. மனைவியும் மச்சினனும் கேட்க அவன் சத்தமாகப் படித்தான்: "இத்தனை சிறிய குழுவால் சொந்த எஞ்சினைப் பராமரிக்க முடியாது. ஆயத்த எஞ்சினுக்கு மாறிக்கொள்ள வேண்டும்."

"நல்லதுதானே மாமா" என்றான் மச்சினன், மாமா மனம் நோகுமோ என்ற பயத்தோடு.

எஞ்சின்காரன் அதற்குமேல் படிக்கவில்லை. போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தான். மனைவிக்குப் பொறுமை ஏது? எடுத்துப் படித்தாள். "இரண்டாவது: லிங்க் விஷயத்தில் கவனக்குறைவாக இருந்தவரை வெளியீட்டுப் பொறுப்பில் வைக்கக் கூடாது. அவர் இடத்தில் அனுபவமுள்ள ஒருவரை நியமிக்க வேண்டும்."

அவள் தம்பியை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீயாடா?"

மச்சினன் தலைகுனிந்தான்.

"மூணு வருஷமா இந்த மனுஷன் ராப்பகலா உக்காந்து எழுதுறார். நான் ஒரு புதுத்துணி எடுக்கல. உன்னால ஒரு லிங்க்கை ஒழுங்கா அனுப்ப முடியல? சின்ன வயசுல இருந்தே இந்த அசட்டைதான் உனக்கு. அக்கா வீட்ல சும்மா உக்காந்து சாப்பிடறோமேன்னு கொஞ்சமாவது ரோஷம் வேணாம்?"

அவன் சும்மா சாப்பிடவில்லை. அவன் வரைந்த படங்களைப் பார்த்துத்தான் அந்த அமைப்பே அழைத்தது. அது அவளுக்கும் தெரியும். கோபத்தில் கொட்டிவிட்டாள். மச்சினனின் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன.

எஞ்சின்காரனால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. கூனிக் குறுகிப் போனான். மனைவி கையிலிருந்து போனை வாங்கி, தலைவியம்மாள் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டான். இருவரும் கேட்கட்டும் என்றுதான் போட்டான்.

"மேடம், அன்னைக்குத் தப்பு பண்ணது நான். சர்வர் மேசைக்கு அடியில இருந்தது. நான்தான் ஒளிச்சு வச்சேன். மூலையில வந்த நம்பரும் பொய். என் எஞ்சின்ல நாலு பேர் சேர்ந்து வெளியூர்ல இருந்து விளையாட முடியாது. மச்சானுக்கு முன்னாடி எதுவுமே தெரியாது. பழியை அவன் எடுத்துக்கிட்டான். நான் அவனையே திட்டினேன்."

தலைவியம்மாள் சொன்னார், கோபமில்லாத குரலில். "சொன்னதுக்கு நன்றி. அந்தக் கடிதம் இனிமே செல்லாது. அடுத்த வருஷம் வேணும்னா புதுசா விண்ணப்பம் போடுங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உங்க மச்சான் பக்கத்துல இருக்காரா?" என்றார்.

"இருக்கேன் மேடம்."

"சர்வர் மேசைக்கு அடியிலதான் இருக்குன்னு அப்பவே உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"பார்த்ததும் புரிஞ்சுது மேடம்."

"அப்புறம் ஏன் உங்க தலையில போட்டுக்கிட்டீங்க? அந்த எஞ்சின் தேறும்னு நம்பினீங்களா?"

எஞ்சின்காரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். எல்லாம் போன பிறகும் அந்த ஒரு பதிலுக்காக மனசு அடித்துக்கொண்டது.

"அதெல்லாம் இல்ல மேடம்" என்றான் மச்சினன். "அவர் எங்க அக்கா வீட்டுக்காரர்."

சரி என்று சொல்லித் தலைவியம்மாள் போனை வைத்துவிட்டார்.

மனைவி தம்பியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "நான் அவ்வளவு திட்டினேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்லடா" என்றாள். குரல் உடைந்திருந்தது. கணவன் இருந்த பக்கம் அவள் திரும்பவில்லை.