எங்களுக்கு என்று ஒதுக்கிய பெட்டிகள்

பெட்டிக்காரி சமைத்து, பெட்டியில் உறையவைத்து விற்கும் உணவைச் சூடாக்கி மூடியைத் திறந்தால், அது முதலில் அடுப்பில் எவ்வளவு நேரம் வெந்ததோ அவ்வளவு நேரத்துக்கு அந்த வீட்டுக் கடிகாரம் நின்றுவிடும். உள்ளே இருப்பவர்கள் ஆற அமரச் சாப்பிட்டு, சண்டை போட்டு, சமாதானமாகி, ஒரு குட்டித் தூக்கமும் போட்டு எழுந்து ஜன்னலைத் திறந்து பார்த்தால், தெருவில் சைக்கிளில் போனவர் அப்போதுதான் அதே பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருப்பார். இதை முதலில் கண்டுபிடித்தது ஒரு பஸ் டிரைவரும் அவர் மனைவியான நர்சும். அவர் வீட்டுக்குள் நுழையும்போது அவள் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்புவாள். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்ததே ஊருக்கு ஆச்சரியம். ஒருநாள் நின்றபடியே ஆளுக்கு நாலு வாய் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று பெட்டிக்காரியின் பீன்ஸ் பெட்டியைத் திறந்தார்கள். திறந்தவர்கள் உட்கார்ந்து, பிள்ளைகளையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, இத்தனை வருஷம் பேசாமல் விட்டதையெல்லாம் பேசித் தீர்த்தார்கள். அப்புறம் அவள் வேலைக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். மறுநாளே பெட்டியின் விலை ஏறியது. பீன்ஸ் சீக்கிரம் வெந்துவிடுவதால் மலிவு, கோழி அதைவிடக் கொஞ்சம் கூட, காலையில் ஏற்றிப் பொழுது சாயும்போது இறக்கும் எலும்பு சூப்புக்குத்தான் எல்லாவற்றிலும் அதிக விலை.

இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை, அடுப்பை விட்டு நகராமல் நின்றால் யாருக்கும் வரும் என்பாள் பெட்டிக்காரி. அவள் நகர்ந்ததில்லை. ஒரு அடுப்பில் எலும்பு கொதிக்க, இன்னொன்றில் கேரட்டையும் பட்டாணியையும் வெந்நீரில் முக்கியெடுத்து ஐஸ் தண்ணீரில் போட்டுக்கொண்டிருப்பாள். இறக்கிய பாத்திரத்தைப் பெரிய தொட்டியில் ஐஸுக்கு நடுவில் வைத்துக் கிண்டிக் கிண்டி ஆறவைப்பாள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து, அது ஐஸ் துகளாகி ருசியைக் கெடுத்துவிடும். பெட்டியை விளிம்பு வரை நிரப்ப மாட்டாள், உறையும்போது குழம்பு பொங்கி மூடியை உடைக்கும் என்று ஒரு விரல் இடம் விடுவாள். உருளைக்கிழங்கைக் கிட்டவே சேர்க்க மாட்டாள். உறைந்து உருகினால் அது மணல் மணலாகிவிடும். இந்த இரண்டு விஷயத்திலும் அவள் பிடிவாதம் ஊரறிந்தது. உருளைக்கிழங்கு போட்டுக் கேட்ட ஒரு தலைமையாசிரியையைப் பாதி வாக்கியத்திலேயே வாசல்வரை கொண்டுபோய் விட்டிருக்கிறாள்.

பின்விளைவும் உண்டு. நிற்பது கடிகாரம்தானே தவிர உடம்பு இல்லை. பெட்டி வாங்குகிற வீட்டுப் பிள்ளைகளுக்குச் சட்டை சீக்கிரம் சிறுத்தது. முடிவெட்டுகிறவருக்கு வருமானம் கூடியது. ஒரு வக்கீல் ஒரு வழக்குக்குப் படிப்பதற்காகத் தொடர்ந்து சூப் பெட்டிகளைத் திறந்துகொண்டே போய், வழக்கில் ஜெயித்து, தன் தம்பிக்கே அண்ணன் மாதிரி இல்லாமல் சித்தப்பா மாதிரி ஆகிவிட்டார். ஒரு பெட்டி முடியுமுன் அடுத்ததைத் திறந்தால் நேரம் அறுபடாமல் நீளும் என்பது அவரால்தான் தெரியவந்தது. அதன்பிறகு பெட்டிக்காரி வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் யாருக்கும் கொடுப்பதில்லை. நல்ல மனசுதான். ஆனால் ஊருக்கெல்லாம் பல்லி சொல்லுமாம், தான் மட்டும் கழுநீர்ப் பானையில் விழுமாம் என்று சும்மாவா சொன்னார்கள்.

அவளிடம் மட்டும் நேரம் இல்லை. புருஷன் பேச ஆரம்பித்தால் கொதி வந்துவிடும், மகள் பாடம் கேட்க வந்தால் கிண்ட வேண்டியிருக்கும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் முதலில் எடுக்கும் பெட்டியில் "எங்களுக்கு" என்று எழுதி ஒட்டித் தனியாக வைப்பாள். வேலையெல்லாம் குறைந்த பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து, விட்ட நாளையெல்லாம் சேர்த்து வாழ்ந்துகொள்ளலாம் என்பது திட்டம். ஒரு தட்டு நிறைந்து, பிறகு வண்டி நிறுத்தும் கொட்டகையில் அவற்றுக்கென்றே ஒரு பெரிய ஃப்ரீசர் வாங்கிப் போட்டார்கள். அந்தக் குளிரில் கைவைத்தால் அவள் விரல்கள் வெடித்து ரத்தம் வரும். ஆகையால் பெட்டிகளை அடுக்குவதும், ஐஸ் சுரண்டுவதும், வண்டியில் ஏற்றி வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதும் புருஷனின் பொறுப்பு. பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதை என்று இப்போது சொல்லிவிடலாம். அப்போது அவர் பூனை என்று யாருக்குத் தெரியும்? பொழுதோடு போய்ப் பொழுதோடு திரும்புகிற மனுஷன், வண்டிச் சத்தத்தை வைத்து அக்கம்பக்கத்தில் பால் காய்ச்சுவார்கள்.

அவருக்கு வேகமாக நரைத்தது. வெயிலில் வண்டி ஓட்டுகிறவர், அவர்கள் வம்சத்துக்கே இளநரை என்று பெட்டிக்காரி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நகம் வெட்டிய மறுநாளே வளர்ந்து நின்றது, ஒரே வருஷத்தில் மூன்று முறை கண்ணாடி மாற்றினார். தனக்காக உழைத்துத்தான் இப்படித் தேய்ந்துபோகிறார் என்று அவளுக்கு நெஞ்சு உருகும். ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்பில் வேகும் நேரத்தில் அவரை முக்காலியில் உட்காரவைத்து, கழுத்தில் பழைய துண்டைச் சுற்றி, தன் கையாலேயே தலைக்குச் சாயம் பூசிவிடுவாள். அவரும் கண்ணை மூடிக்கொண்டு தலையைக் காட்டிக்கொண்டிருப்பார். அவள் வாழ்க்கையில் எதையும் மன்னித்துவிடுவாள், அந்தச் சாயக் கிண்ணத்தை மட்டும் மன்னிக்க முடிந்ததில்லை.

மகள் வளர்ந்து சரக்குக் கப்பலில் இயந்திர வேலைக்குப் போனாள். வருஷத்தில் பாதி நாள் எந்தக் கடலில் இருக்கிறாள் என்று கப்பல் கம்பெனிக்குத்தான் தெரியும். ஒருநாள் கூப்பிட்டு, கப்பல் நம்ம துறைமுகத்தில் தண்ணீர் பிடிக்க நிற்கும், ஒரு மத்தியானம் மட்டும் இறங்க விடுவார்கள் என்றாள்.

"உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்மா. ஃபோன்ல சொல்ற விஷயம் இல்ல. நிறைய நேரம் வேணும்."

"நேரத்துக்கா பஞ்சம்? நீ வா கண்ணு. ஒரு ஃப்ரீசர் நிறைய வெச்சிருக்கேன்."

பெட்டிக்காரி அன்று ஆர்டர் எதுவும் எடுக்கவில்லை. மகள் முதன்முதலில் கடலுக்குப் போன வாரம் வைத்த எலும்பு சூப்பை எடுத்துவரச் சொல்லியிருக்கலாம். ஆனால் புருஷன் பெட்டி கொண்டுபோய்க் கொடுக்கக் கிளம்பியிருந்தார். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அவளே போய் எடுத்துவந்து சூடாக்கினாள். மகளை எதிரில் உட்காரவைத்து, ஜன்னலைச் சாத்தி, மூடியைத் திறந்தாள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆணியிலிருந்து கழற்றி ஒரு குலுக்குக் குலுக்கி மாட்டினாள், அப்போதும் ஓடியது. பிறகுதான் பெட்டியைப் பார்த்தாள். விளிம்பு வரை நிரப்பியிருந்தது. மூடி ஓரத்தில் கீறல் விட்டிருந்தது. கரண்டியை விட்டுக் கிளறினாள். உருளைக்கிழங்கு வந்தது.

பெட்டி மட்டும்தான் அவளுடையது, உள்ளே இருந்தது பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் அண்டா அண்டாவாக வைத்து விற்பது. அவள் எழுந்து கொட்டகைக்கு ஓடினாள். ஒவ்வொரு பெட்டியாக எடுத்து நெம்பித் திறந்து தரையில் போட்டாள். எல்லாவற்றிலும் அவள் கையெழுத்து, எல்லாம் விளிம்பு வரை, எல்லாவற்றிலும் உருளைக்கிழங்கு. விரலெல்லாம் வெடித்து மூடிகளில் ரத்தம் ஒட்டியது. மகள் பின்னாலேயே வந்து தோளைப் பிடித்தாள்.

"விடும்மா. இருக்கிற நேரத்துல என்கூட வந்து உட்காரு."

"ஒண்ணாவது இருக்கும்டி. அடியில ஒண்ணாவது இருக்கும்."

ஒன்றும் இல்லை. அடிவரை போய்ப் பார்த்து முடிக்கும்போது துறைமுகத்தில் சங்கு ஊதிவிட்டது. மகள் அம்மாவின் விரல்களைத் தன் கைக்குட்டையால் கட்டிவிட்டு, ஆட்டோ பிடித்துப் போனாள். சொல்ல வந்த விஷயத்தை அவள் பிறகு யாரிடமோ சொல்லி, அவர்கள் சொன்னபடி ஏதோ முடிவும் எடுத்துக்கொண்டாள் என்று மட்டும் கேள்வி. அது என்னவென்று பெட்டிக்காரிக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால், "அதெல்லாம் முடிஞ்சு போச்சும்மா" என்பாள்.

புருஷன் வழக்கம்போல நேரத்துக்கு வந்து சேர்ந்தார். கொட்டகைத் தரை முழுக்க உருகிக் கிடந்ததைப் பார்த்ததும், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறவர்களைப் போல முதலில் கரண்டு போச்சா என்றுதான் கேட்டார். அவள் அவரை நன்றாகப் பார்த்தாள். சாயத்துக்குக் கீழே வேர் வேராக வெள்ளை, கழுத்தில் தொங்கும் தோல், நடுங்குகிற கை. வக்கீலுக்கு நடந்தது அவளுக்கு நினைவு வந்தது. இத்தனை வருஷமும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பார்க்காமல் இருந்திருக்கிறோமே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை.

"யார் வீட்டுல திறந்தீங்க?"

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள் வீட்டில். மாடியில் ஒரு அறை. அவர் மறைக்கவில்லை, மறைக்க இனி எதுவும் இல்லை. தினமும் அங்கே ஒரு பெட்டி, சில நாள் ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்து. அங்கே ஒரு முழு வாழ்க்கை வாழ்ந்துவிட்டு, வண்டியை எடுத்தால் தெருவில் வெயில் அதே இடத்தில் இருக்கும்.

"ஒரு நாளாவது நான் வீட்டுக்கு லேட்டா வந்திருக்கேனா?" என்றார்.

அதை அவர் தன் பக்கத்து நியாயமாகவே சொன்னார். பிறகு இன்னும் ஒன்று சொன்னார். "உனக்கு எங்க நேரம் இருந்துச்சு? நான் எப்ப உட்காந்தாலும் உனக்கு அடுப்பு."

"அந்த நேரத்தத்தாங்க நான் ஃப்ரீசர்ல வெச்சிருந்தேன்," என்றாள் பெட்டிக்காரி.

வேறொருத்தியிடம் போனதைக்கூட ஒரு மூலையில் போட்டுவிடலாம், ஊரில் நடக்காததா. தன் கையால் நின்று வேகவைத்த நாளை எடுத்துக்கொண்டு போய் இன்னொருத்தியோடு உட்கார்ந்து தின்று தீர்த்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மகளுடைய மத்தியானத்தையும் அல்லவா சேர்த்துத் தின்றிருக்கிறார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்கள். இது உண்டதே இரண்டகம். அவள் கத்தவில்லை. அவருடைய பாயையும் தலையணையையும் கொட்டகையில் போட்டாள்.

பெட்டி நின்றதும் கண்ணாடிக் கடைக்காரிக்கும் மனசு மாறிவிட்டது. மாடி அறையில் பொழுது மற்ற வீடுகளைப் போலவே சாய ஆரம்பித்தபோது, அவள் தன் கடைக் கண்ணாடியிலேயே தன்னை நன்றாகப் பார்த்தாள். நாற்பது வயதுக்காரிக்கு அறுபது முடிந்த முகம் இருந்தது. அவள், இத்தனை நாள் பெட்டி கொண்டுவந்த வண்டிக்காரர் முகத்தில் கதவைச் சாத்தி, கடையை விற்று, அண்ணன் இருக்கும் ஊருக்குப் போனாள். அங்கே அவளை அண்ணனுக்கு அக்கா என்று நினைக்கிறார்கள், அண்ணி திருத்துவதில்லை.

அதன்பிறகு வருஷங்கள் எல்லோருக்கும் போல ஓடின. பெட்டிக்காரி இப்போதும் சமைக்கிறாள். "எங்களுக்கு" என்று எழுதுவதை மட்டும் விட்டுவிட்டாள். பெட்டி கொடுக்கப் பஸ் டிரைவரின் மனைவி, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், தன் வண்டியில் வருகிறாள். வண்டிக்காரருக்குச் சாயம் போய், பல் போய், காதும் மந்தமானது. கொட்டகையில் ஈரம் ஏறுகிறது என்று டாக்டர் சொன்னதால் அவருக்கு முன் அறையில் கட்டில் போட்டாள். வேளாவேளைக்குக் கஞ்சி, மாத்திரை, துவைத்த வேட்டி எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் அவரிடம் பேசும்போது அவள் குரலில் கோபம் இல்லாமல் போனதை அவர் கவனித்தார். கோபம் இருந்த வரையில் அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது.

ஒருமுறை ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்க அப்பாங்களாம்மா?" என்று கேட்டாள். வண்டிக்காரருக்கு அந்த நேரம் பார்த்துக் காது நன்றாகக் கேட்டது. அவர் பெட்டிக்காரியின் முகத்தைப் பார்த்தார்.

"ஆமாங்க. வயசாயிடுச்சு, கொஞ்சம் மெதுவாப் பேசினா காது கேக்காது," என்றாள் அவள். சீட்டில் அப்படியே எழுதிக்கொண்டார்கள். மருந்துக் கடையில் அப்படியே படித்தார்கள், பிறகு தெருவிலும் அதுவே நிலைத்தது. புதிதாகக் குடிவந்தவர்கள், அப்பாவை இவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிற பெண் இந்தக் காலத்தில் எங்கே கிடைப்பாள் என்று அவளைப் புகழ்ந்தார்கள்.

மகள் இப்போதும் கடலிலிருந்து கூப்பிடுகிறாள். அம்மாவின் விரல் எப்படி இருக்கிறது என்று கேட்பாள், அடுப்பில் என்ன இருக்கிறது என்று கேட்பாள், லைன் விட்டு விட்டு வரும். வைப்பதற்கு முன்னால், "தாத்தா எப்படிம்மா இருக்கார்?" என்பாள்.

"இருக்கார். நல்லா சாப்பிடறார்," என்பாள் பெட்டிக்காரி.