பால்கனியின் நடுக்கண்ணாடி

தங்கை வீட்டு மாடிக்குப் போனாலே கண்ணாடிக் கடைக்காரன் பால்கனிப் பக்கம் திரும்பமாட்டான். பால்கனித் தடுப்பில் அவன் கையாலேயே மாட்டிய மூன்று கண்ணாடிகளில் நடுவில் நிற்பது பச்சைப் பொய்.

ஓரத்து இரண்டும் லேமினேட்டட் கண்ணாடி. இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது. உடைந்தாலும் சில்லுகள் தாளோடு ஒட்டி நிற்கும். சாய்ந்த ஆள் கீழே விழமாட்டார். நடுவில் மாட்டவேண்டிய மூன்றாவது, வண்டியிலிருந்து இறக்கும்போதே மூலை உடைந்துவிட்டது. தங்கையோ குடிவரக் காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டு நின்றாள். கடையில் அதே அளவில் கிடந்த டஃபன் கண்ணாடியை, சூடேற்றிக் கெட்டியாக்கிய ஒற்றைத் தகட்டை, 'இப்போதைக்கு' என்று மாட்டிவிட்டான். அதுவும் கெட்டிதான். ஆனால் உடைந்தால் மொத்தமும் பொலபொலவென்று கொட்டி, வெறும் ஓட்டைதான் மிஞ்சும். விளிம்பைப் பார்த்தால் ஒற்றைத் தகடு என்று தெரிந்துவிடுமே! அதையும் அலுமினியப் பட்டையால் மூடினான், மகராசன். அந்த 'இப்போதைக்கு' மாதக்கணக்கில் நீண்டது. தவழ்ந்துகொண்டிருந்த தங்கை மகள், செல்லமாய் உருண்டை, நடக்கவே பழகிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பர்கள் வந்திருந்தார்கள். பெருமையடிக்க ஆள் கிடைத்தால் மாப்பிள்ளைக்குச் சோறே வேண்டாம்.

"கடையில மச்சான் என் கண்ணு முன்னாடியே இதே மாதிரிக் கண்ணாடியைச் சுத்தியலால அடிச்சுக் காட்டினார். ஒரு துண்டு கீழ விழலை! இருங்க, நான் ஒரு தட்டு தட்டிக் காட்டறேன்."

உருண்டை நடுக்கண்ணாடியில் மூக்கை அழுத்தித் தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை எடுத்துவந்த சுத்தியல் அவள் தலைக்கு மேலே ஓங்கியது.

"மாப்ள, வேணாம்!" கடைக்காரன் பாய்ந்து அவர் கையைப் பிடித்துவிட்டான்.

மாப்பிள்ளை கடகடவென்று சிரித்தார். "பாத்தீங்களா? தன் வேலையில ஒரு கீறல் விழவிட மாட்டார்!"

செருப்பால் அடித்திருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். சுத்தியலை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டான்.

தங்கை மட்டும் சிரிக்கவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், ஓடிப்போய் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் உள்ள வாங்க, டீ ஆறுது."

கடைசி ஆளும் உள்ளே வந்ததும் பால்கனிக் கதவைப் பூட்டினாள்.

"நாளைக்கே மாத்திடறேன்மா," என்றான் அவன், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

உருண்டை வழக்கம்போல "மாமா" என்று அவனிடம் தாவினாள். அவனும் கையை நீட்டினான். தங்கை குழந்தையை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"வேணாம்ணா. அவ எங்கிட்டயே இருக்கட்டும்."